மாமல்லபுரம் பக்கம் சோலார் வாட்டர் ஹீட்டர்: யாருக்கு லாபம், யாருக்கு வெறும் செலவு?



குளிர் நாடுகள்ல தரைக்கு அடியில குழாய் பதிச்சு, அதுல வெந்நீர் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவாங்க. 35, 40 டிகிரி தண்ணியே போதும்ங்கறதால சோலார் கைகொடுக்கும்னு தோணும். சிக்கல் ஒண்ணுதான்: சூடு வேண்டிய மாசத்துல வெயில் குறைவு.

செங்கல்பட்டுல தரையைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனா அதே சிக்கல் நம்ம மொட்டை மாடியிலயும் இருக்கு. நாம வெந்நீர் தேடுற நவம்பர், டிசம்பர்லதான் வடகிழக்குப் பருவமழை. அதனால கொட்டேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க.

சூத்திரம்: லிட்டர் × ஏற வேண்டிய டிகிரி ÷ 860 = யூனிட்.

வீட்டுக் கணக்கு

4 பேர், தினம் 100 லிட்டர். 28 டிகிரியில இருந்து 42க்கு ஏத்த 1.6 யூனிட், டேங்க்ல வீணாகும் சூட்டையும் சேர்த்து 2 யூனிட்னு வைங்க. வருஷத்துல 90 நாள் வெந்நீர், அதுல 60 நாள் வெயில். மிச்சம் 120 யூனிட். யூனிட் 8.50 ரூபாய்னு போட்டாலும் 1,020 ரூபாய்தான். ஹீட்டர் 20,000 ரூபாய்னா போட்ட காசு திரும்ப கிட்டத்தட்ட 20 வருஷம்!

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. இரண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா மேல் ஸ்லாப் விலை மட்டுமில்ல, 101–200 யூனிட்டுக்கான சலுகை விலையும் போயிடும். உங்க பில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருந்தா லாபம் கொஞ்சம் கூடும். அப்பவும் முதல்ல மின்சாரம் தயாரிக்கிற சோலார் பேனலைப் பாருங்க. பிஎம் சூர்ய கர் மானியம் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) அதுக்குத்தான், வாட்டர் ஹீட்டருக்கு இல்லை.

ஹோம்ஸ்டே கணக்கு

ஈசிஆர்ல 5 ரூம், 10 விருந்தினர், ஆளுக்கு 40 லிட்டர். வீணாகறதையும் சேர்த்து தினம் 8 யூனிட். வெயில் இருக்கிற 300 நாள்ல பாதி நாள்தான் ரூம் நிரம்பும்னு வைங்க: 1,200 யூனிட். யூனிட் 10 ரூபாய்னா வருஷம் 12,000. முதலீடு 80,000னா 6–7 வருஷம். ரூம் எல்லா நாளும் நிரம்பினா மூணரை வருஷத்துக்குள்ள.

இதோட வரிச் சலுகையும் உண்டு. சோலார் வாட்டர் ஹீட்டருக்குத் தேய்மானம் 40%. முதல் வருஷம் 32,000 ரூபாய் கழிக்கலாம். 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு 9,600 ரூபாய் வரி குறையும். அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா பாதிதான் கிடைக்கும். ப்ரிசம்ப்டிவ் முறையில ரிட்டர்ன் போடறவங்களுக்கு இந்தக் கழிவு தனியாக் கிடையாது. சேல்ஸ்மேன் இதைச் சொல்ல மாட்டார்!

கடற்கரைக்குன்னு தனிச் செலவு

உப்புக்காத்து ஸ்டாண்டை அரிக்கும். போர் தண்ணி கடினமா இருந்தா உள்ளே உப்புப் படியும். அப்போ ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்ச மாடல் கேளுங்க. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. ஸ்டாண்டை கான்கிரீட்ல போல்ட் போட்டு இறுக்காம விடாதீங்க. நாட்டிய விழா சீசன்ல மேகம் மூடினா விருந்தினர் காத்திருக்க மாட்டாங்க. அதனால கரண்ட் காயில் பேக்கப்பும் கட்டாயம்.

சுருக்கமா: வருஷம் முழுக்க வெந்நீர் செலவாகிற இடத்துக்கு சோலார் ஹீட்டர் நல்ல முதலீடு. மூணு மாசம் மட்டும் வெந்நீர்ல குளிக்கிற வீட்டுக்கு இருக்கிற கீசரே போதும். அந்த 20,000 ரூபாயை ஆர்டியில போடுங்க.