சுவாசப் பரிசோதனையும் சொல்லாமல் விடப்படும் குளிசையும்

நாட்பட்ட இருமல், சளியில் இரத்தம், எக்ஸ்ரே படத்தில் தென்படும் கட்டி போன்றவற்றின் காரணத்தை அறிவதற்குச் சுவாசக்குழாயினுள் கமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பது இன்று வழமையான பரிசோதனையாகிவிட்டது. 1897 இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்தாவ் கிலியன், ஒருவரின் சுவாசக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை உலோகக் குழாயின் உதவியுடன் அகற்றினார். 1960 களில் ஜப்பானிய வைத்தியர் ஷிகெட்டோ இக்கெடா வளையக்கூடிய குழாயை அறிமுகப்படுத்தியதும் இப்பரிசோதனை உலகெங்கும் பரவியது.

இது பெரும்பாலும் பாதுகாப்பானதே. பாரதூரமான இரத்தப்பெருக்கு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றது. எனினும், நுரையீரலின் உட்பகுதியிலிருந்து தசைத்துண்டு எடுக்கப்படும்போது அபாயம் அதிகரிக்கின்றது. உறையவைத்து எடுக்கும் புதிய முறையில் அது மேலும் கூடுகின்றது.

இந்த இரத்தப்பெருக்கு ஏனையவற்றிலிருந்து வேறுபட்டது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். காயத்திலிருந்து பெருகும் இரத்தத்தால் ஒருவர் இறப்பது இரத்த இழப்பினாலாகும். நுரையீரலில் நிகழ்வதோ மூச்சுத்திணறல். வளர்ந்தவரின் சுவாசக்குழாய்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மாத்திரமே. ஒரு தேநீர்க் கோப்பை அளவு இரத்தமே அவற்றை அடைத்துவிடப் போதுமானது. எனவேதான் வைத்தியர்கள் குளிர்ந்த உப்புநீர், அட்ரினலின், அடைப்புப் பலூன் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கின்றனர். இரத்தம் கசியும் பக்கம் கீழே இருக்குமாறு நோயாளியைச் சரித்துப் படுக்கவைப்பதும் நல்ல நுரையீரலைக் காப்பதற்காகவே.

ஆயினும் தற்காப்பின் முதற்படி நோயாளியின் வாயிலேயே உள்ளது. மாரடைப்புக்குப் பின்னர் குளோபிடோக்ரெல் அருந்துபவர் வழமையாக 5 முதல் 7 நாட்களுக்கு முன்னரும், வார்பரின் அருந்துபவர் சுமார் 5 நாட்களுக்கு முன்னரும் அவற்றை நிறுத்துமாறு கேட்கப்படலாம். அஸ்பிரினை மாத்திரம் அருந்துவோர் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் இரத்தவட்டுகள் குறைந்தவர்களுக்கும் அபாயம் அதிகம். ஆனால், வைத்தியரைக் கேளாது எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்தலாகாது. அண்மையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அவ்வாறு நிறுத்துவதே உயிராபத்தாக முடியலாம்.

இங்கேதான் மொழி உயிர்ப் பிரச்சினையாகின்றது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. எனினும் "என்ன மருந்து பாவிக்கின்றீர்கள்?" என்ற வினா விளங்காத மொழியில் கேட்கப்படுமாயின், தமிழ் பேசும் நோயாளி தலையசைப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? விளங்காத படிவத்தில் இடப்படும் கையொப்பம் சம்மதமாகாது. வினாக்களும் சம்மதப் படிவமும் தமிழிலும் இருப்பதை உறுதிப்படுத்துவது சுகாதார அமைச்சின் கடமையாகும். நோயாளர்களும் தாம் பாவிக்கும் ஆங்கில, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் யாவற்றையும் பையில் இட்டு எடுத்துச்சென்று காட்டுதல் நன்று. காட்டிய மருந்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

வீடு திரும்பமுன் எந்தப் பக்க நுரையீரலில் தசைத்துண்டு எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். ஓரிரு நாட்களுக்குச் சளியில் இரத்தக் கீற்றுத் தென்படுவது வழமையே. ஆனால், செந்நிற இரத்தம் மேசைக்கரண்டியளவோ அதற்கு மேலோ வெளியேறினால், அல்லது மூச்சு முட்டினால், அப்பக்கம் கீழிருக்கப் படுத்தவாறு உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.

இப்பரிசோதனையைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதால் புற்றுநோயும் காசநோயும் காத்திருக்கப் போவதில்லை. கேட்பவர் விளங்கும் மொழியில் கேட்கவும், சொல்பவர் மறைக்காது சொல்லவும் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.