அங்கத்தினர் பதிவேடும் திரைவழித் திருத்தமும்

“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது நம் நாட்டுப் பழமொழி. எழுதிய கணக்கும் பிழையாக எழுதப்பட்டுவிட்டால் அழுதாலும் எளிதில் தீராது என்பது, சங்கங்களைப் பார்வையிடும் பணியில் நாம் கண்டறிந்த உண்மையாகும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நிலை அதன் கட்டடத்திலோ கிடங்கிலோ இல்லை. அங்கத்தினர் பதிவேட்டில் இருக்கின்றது. நெசவாளி எத்தனை பாவு பெற்றார், எத்தனை உருப்படி நெய்து தந்தார். விவசாயி கார் பருவத்துக்கு எவ்வளவு கடன் பெற்றார், பிசானத்துக்கு முன் எவ்வளவு செலுத்தினார். அவர்க்குப் பின் பங்குத் தொகை யாரைச் சேர வேண்டும் ஆகிய யாவும் அப்பதிவேட்டின் ஒரு வரியைப் பொறுத்தவை.

அப்பதிவேடு இப்பொழுது காகிதத்தினின்றும் கணிப்பொறிக்கு மாறி வருகின்றது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றிய காலந்தொட்டுப் பேரேடும் மைக்கூடுமே சங்கத்தின் கருவிகளாக இருந்தன. 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்படி கடனும் வைப்பும் ஒரு பொது மென்பொருளில் பதியப்படுகின்றன. ஆயினும் நெசவாளர் சங்கங்களில் தறி விவரம், நூல் வழங்கல், கூலி ஆகியவற்றையும், விவசாயிகள் சங்கங்களில் உரம், விதை வழங்கிய விவரங்களையும் தத்தம் கணிப்பொறியில் தாமே பட்டியலிட்டு வைத்திருப்போர் பலர். இத்தகைய பதிவுகளை இணைய உலாவியின் வழியே பார்க்கவும் திருத்தவும் ஒரு கருவியை அமைத்துக்கொள்ளும் முறையையும், அமைக்கும்பொழுது கைவிடலாகாத நெறிகளையும் இக்கட்டுரையில் விளக்க விழைகின்றோம்.

தரவுத்தளம் என்பது யாது?

தரவுத்தளம் என்பது பல பேரேடுகள் அடங்கிய ஓர் அலமாரி எனக் கொள்ளலாம். ஒவ்வொரு பேரேடும் ஓர் அட்டவணை. ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வரி. பெயர், தந்தை பெயர், தெரு, தறி எண்ணிக்கை என ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம். 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்த முறை இது. ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் அடையாள எண் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று.

இவ்விதியின் அருமையை நம் கடையநல்லூர் அங்கத்தினர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரே தெருவில் சாகுல் ஹமீதுகள் மூவரும் மாடசாமிகள் இருவரும் இருப்பது இங்கு வியப்பன்று. ஒருவர் பெயரே முகமது, முகம்மது, முஹம்மது என மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்படுவதும் உண்டு. ஆகவே பெயரைக் கொண்டு ஒருவரைத் தேடித் திருத்துவது, ஒருவர் கூலியை மற்றொருவர் கணக்கில் வரவு வைப்பதற்கு வழி திறந்துவிடுவதாகும். அங்கத்தினர் எண் ஒன்றே திருத்தத்துக்குரிய வாயிலாக இருத்தல் வேண்டும்.

ஒரு விவரத்தை ஓரிடத்தில் மட்டுமே எழுதி வைத்தல் மற்றொரு விதியாகும். 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஒவ்வோர் அங்கத்தினரின் முகவரியிலும் மாவட்டத்தின் பெயரை எழுதி வைத்திருந்தால், அத்தனை வரிகளையும் திருத்தியாக வேண்டும். ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் வைத்து, அங்கத்தினர் வரியில் ஊரின் எண்ணை மட்டும் குறித்திருந்தால், ஓரிடத்தில் மாற்றியதும் எல்லா முகவரியும் சரியாகிவிடும்.

ஆயத்தக் கருவியும் அதன் அபாயமும்

தரவுத்தளத்தை உலாவியின் வழியே கையாளுவதற்கு ஆயத்தக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டில் தோன்றிய பிஎச்பிமைஅட்மின் பரவலாக அறியப்பட்டது. அட்மினர் என்பது ஒரே கோப்பாக அமைந்து எளிதில் நிறுவத் தக்கது. ஆனால் இவை கணிப்பொறி வல்லுநர்க்கென அமைந்தவை. முழு உரிமையுடன் இவற்றை எழுத்தரிடம் கொடுப்பது, சங்கத்தின் அலமாரிச் சாவிக் கொத்தை முழுவதும் அவரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறினால் இது விளங்கும். நெசவாளி ஒருவர் தம் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றித் தருமாறு விண்ணப்பித்திருந்தார். எழுத்தர் தரவுத்தளத்துக்கு நேரடியாகக் கட்டளை எழுதினார். இன்ன அங்கத்தினர்க்கு மட்டும் என்னும் நிபந்தனையை எழுத மறந்தார். கணப்பொழுதில் எல்லா அங்கத்தினர் வரிகளிலும் அந்த ஒரே கணக்கு எண் ஏறிவிட்டது. கூலிப் பட்டியல் வங்கிக்குச் செல்லுமுன் கண்டுபிடிக்கப்பட்டது நற்பேறு. முந்தைய வாரத்தின் நகலைக் கொண்டு பழைய எண்களை மீட்டனர். ஆயினும் இடைப்பட்ட நாட்களின் நூல் வழங்கல் கணக்கைக் காகிதச் சீட்டுக்களைத் தேடித் தேடி மீண்டும் பதிய வேண்டியதாயிற்று. அவ்வாரக் கூலி மூன்று நாள் தாமதப்பட்டது. வாரக் கூலியை நம்பி அடுப்பெரியும் வீடுகளில் அம்மூன்று நாட்களின் பொருள் என்ன என்பதை நம் வாசகர்கள் அறிவர். எழுத்தர் நேர்மையானவரே, கருவிதான் அவர் கையில் அளவுக்கு மீறிய உரிமையை அளித்திருந்தது.

அமைக்கும் முறை

முதலாவதாக, கணிப்பொறியைத் தொடுமுன் காகிதப் பதிவேட்டைச் சரிபார்த்தல் வேண்டும். எந்தெந்தக் கட்டங்கள் உண்டு, அவற்றை யார் திருத்தலாம், எந்த ஆவணத்தின்பேரில் திருத்தலாம் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதிக்கொள்ளுதல் நலம். தெருப் பெயரைத் திருத்த அங்கத்தினரின் கடிதம் போதும்; வாரிசு நியமனத்தைத் திருத்த முறைப்படியான படிவமும் சாட்சிகளும் வேண்டும்.

இரண்டாவதாக, தரவு யாவும் சர்வர் எனப்படும் ஒரு மையக் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். அலுவலகத்திலிருந்தும் கிடங்கிலிருந்தும் உலாவியின் மூலம் அதனையே காண்பர். ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால், எது மூலம் எது நகல் என்னும் வழக்கு ஒருநாளும் தீராது. பார்க்கும் பக்கம் பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான இணைப்பில் திறத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, தமிழ்ப் பெயர்கள் பிழையின்றி நிற்குமாறு தரவுத்தளத்தை ஒருங்குறிக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இதனைக் கவனியாமல் அமைத்த தளத்தில் தமிழ்ப் பெயரை எழுதிச் சேமித்தால், மீண்டும் திறக்கும்பொழுது கேள்விக் குறிகளே வரிசையாக நிற்கக்கூடும். அவ்வாறு மாறிச் சேமிக்கப்பட்ட பெயரை அவ்வரியிலிருந்து மீட்க இயலாது. ஆகவே பத்துப் பெயர்களை எழுதிச் சோதித்த பின்னரே முழுப் பதிவையும் ஏற்றுதல் வேண்டும்.

நான்காவதாக, ஒவ்வொருவர்க்கும் தனி நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் அளித்தல் வேண்டும். அலுவலகம் முழுமைக்கும் ஒரே கடவுச்சொல் இருப்பின், பிழைக்கு உரியவர் ஒருவருமிலர் ஆவர்.

ஐந்தாவதாக, திருத்தப் படிவம் தானே காவல் புரிய வேண்டும். ஆதார் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். கைபேசி எண்ணுக்குப் பத்து. வங்கிக் கிளைக் குறியீட்டுக்குப் பதினொரு எழுத்து, அதில் ஐந்தாவது பூஜ்யம். இவற்றிற்கு மாறானதைப் படிவம் ஏற்கலாகாது. கட்டத்தில் எதனை எழுதினாலும் அது விவரமாகவே கொள்ளப்பட வேண்டும்; தரவுத்தளத்துக்கு இடும் கட்டளையாக ஒருபோதும் கொள்ளப்படலாகாது. இருவர் ஒரே வரியை ஒரே வேளையில் திறந்திருந்தால், முன்னவர் செய்த திருத்தத்தைப் பின்னவர் அறியாமல் அழித்துவிடாதவாறு படிவம் எச்சரித்தல் வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டுவது போதும்.

ஆறாவதாக, எழுதுபவர் ஒருவரும் ஒப்புதல் அளிப்பவர் மற்றொருவருமாக இருத்தல் வேண்டும். எழுத்தர் திருத்தத்தை முன்மொழிவார். செயலாளர் ஆவணத்துடன் ஒப்பிட்டு ஏற்பார். அதன்பின்னரே பதிவு மாறும்.

ஏழாவதாக, நாள்தோறும் நகல் எடுத்து, வேறோர் இடத்திலும் ஒரு நகல் வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அந்நகலிலிருந்து பதிவை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், திறந்து பாராத குதிர் நெல்லைப் போன்றது.

திருத்தத்தின் தடம்

இவை யாவற்றினும் தலையாயதை இறுதியில் கூற வைத்திருந்தோம். காகிதப் பேரேட்டில் ஓர் எண் பிழையாயின், அதனைச் சுரண்டி அழிப்பது குற்றம். அதன்மீது ஒரு கோடிட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுவதே நெறி. பழைய எண்ணும் படிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கோட்டின் நோக்கம். திரையிலோ பழைய எண்ணின்மேல் புதிய எண்ணை எழுதிவிட்டால், பழையது இருந்த சுவடே இராது.

ஆகவே திருத்தக் கருவியுடன் திருத்தப் பதிவேடு ஒன்றும் அமைந்தே தீர வேண்டும். எந்த அங்கத்தினர், எந்தக் கட்டம், முன்பு என்ன இருந்தது, இப்பொழுது என்ன ஆயிற்று, யார் எழுதினார், யார் ஒப்பினார், எந்நாள் எந்நேரம், எந்த ஆவணத்தின்பேரில் என்னும் விவரங்கள் அதில் தாமே ஏறுதல் வேண்டும். அப்பதிவேட்டைத் திருத்தும் உரிமை எழுத்தர்க்கும் இல்லை, செயலாளர்க்கும் இல்லை. அங்ஙனமே, ஒருவர் விலகினாலும் இறந்தாலும் அவர் வரியை நீக்கலாகாது. ‘நீங்கினார்’ எனத் தேதியுடன் குறித்து வைத்தலே முறை. அவர் வாரிசு பல்லாண்டு கழித்து வந்து கேட்டாலும் சங்கம் விடை கூற வேண்டுமன்றோ?

இதில் அங்கத்தினர்க்கும் கடமை உண்டு. கணிப்பொறியில் ஏறியது பிழைபடாது என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை விலையில்லா மின்சாரம் என 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு உயர்த்தியது. இத்தகைய உதவி எதுவாயினும், இன்னார் இன்ன இடத்தில் நெய்கின்றார் என்னும் பதிவு சரியாக இருந்தால்தான் தடையின்றி வந்து சேரும். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம்மைப் பற்றிய பதிவைத் திருத்துமாறு கோரும் உரிமையை ஒருவர்க்கு வகுத்துள்ளது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் வரியை அச்சிட்டுப் பெற்று, பெயர், வங்கிக் கணக்கு, தறி எண்ணிக்கை, நிலத்தின் புல எண், வாரிசு ஆகியவற்றைச் சரிபார்த்தல் ஒவ்வோர் அங்கத்தினரும் செய்யத் தக்கது. அவ்வாண்டில் தம் வரியில் நிகழ்ந்த திருத்தங்களின் பட்டியலையும் உடன் கேட்டுப் பெறலாம்.

தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளி அதனை மறைத்துவிட்டு மேலே நெய்வதில்லை, முடிச்சிட்டுத் தொடர்கின்றார். தேடிப் பார்ப்பவர்க்கு அம்முடிச்சு தென்படும். துணியும் உறுதியாக நிற்கும். சங்கப் பதிவின் திருத்தமும் அத்தகைய முடிச்சாக இருத்தல் வேண்டும். எளிதில் திருத்தும் கருவியை யாரும் அமைத்துத் தருவர். திருத்தியதை மறவாத கருவியையே நம் நிர்வாகக் குழுவினர் கேட்டுப் பெறுதல் வேண்டும். எதிர்வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில், “நம் சங்கத்தில் திருத்தப் பதிவேடு உண்டா?” என்னும் ஒரு வினாவை அங்கத்தினர்கள் எழுப்புவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.