ஷட்டரைத் தூக்குவது யார்?

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, மணி பதினொன்று இருக்கும். கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் தெருவில் யாரோ வெடி போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டோம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அசையவில்லை. முந்தின நாள் மாலைவரை என் மனைவி ஒரே கையால் ஏற்றிய ஷட்டர் அது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கியதில் ஒரு பக்கம் சாய்ந்து, முழங்கால் உயரத்தில் சிக்கி நின்றது.

ஷட்டர் வேலை செய்பவர் வந்தார். மேல் பெட்டியின் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். “ஸ்பிரிங் ரெண்டுல ஒண்ணு போச்சு சார்” என்றார். பூட்டிக் கிடந்த ஷட்டர், யாரும் தொடவில்லை, எப்படி உடையும் என்று கேட்டேன். “பூட்டிக் கிடக்கும்போதுதான் சார் அதுக்கு முழு வேலை. இத்தனை வருஷமா நீங்களா தூக்கினீங்க? ஸ்பிரிங்தான் தூக்குச்சு.”

அவர் சொன்னது அத்தனையும் இயற்பியல். அதைப் புரிந்துகொண்டால், வீட்டிலோ கடையிலோ இருக்கும் ஷட்டரை எப்படிப் பராமரிப்பது, எதில் கை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

எழுபது கிலோ எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஷட்டரின் பரப்பு சுமார் 7.4 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். பட்டைகள் 1.2 மி.மீ. தகட்டில் செய்யப்பட்டிருந்தால் மொத்தம் சுமார் 70 கிலோ. ஒரு பட்டை இன்னொன்றைக் கவ்விப் பிடிக்கும் மடிப்புகளையும் அடிப்பட்டையையும் சேர்த்தால் இன்னும் கூடும். வளர்ந்த ஓர் ஆளின் எடை அது. ஒரு கையால் அதை ஏற்றிவிட முடிகிறதென்றால், பாரத்தின் பெரும்பகுதியை வேறெதுவோ சுமக்கிறது என்றுதானே பொருள்?

வாசலுக்கு மேலே மூடு பெட்டிக்குள் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. அதில் சுருள் ஸ்பிரிங்குகள் கோத்திருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை அசையாத குழாயோடும், மறுமுனை ஷட்டரோடு சேர்ந்து சுழலும் வளையத்தோடும் பிணைந்திருக்கும். ஷட்டரைக் கீழே இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து நமக்குக் கை கொடுக்கிறது. எவ்வளவு முறுக்குகிறோமோ அந்த அளவுக்கு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இதற்கு அடிப்படை.

இதில் ஓர் அழகு இருக்கிறது. ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கும்போது எல்லாப் பட்டைகளும் தொங்குகின்றன, பாரம் உச்சத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் முறுக்கும் அப்போது உச்சத்தில்தான். ஏற ஏறப் பட்டைகள் மேலே சுருண்டுகொள்கின்றன, தொங்கும் பாரம் குறைகிறது. முறுக்கும் கூடவே தளர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இறங்கி வருவதால்தான், எந்த உயரத்திலும் கைக்கு ஏறக்குறைய ஒரே பாரம் தெரிகிறது.

நம் 70 கிலோ ஷட்டரை முழுக்க ஏற்ற ஏறத்தாழ 800 ஜூல் ஆற்றல் வேண்டும். அதில் பெரும்பங்கு, இறக்கிப் பூட்டிய ஷட்டரின் ஸ்பிரிங்கில் இரவு முழுக்கத் தேங்கி நிற்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஐந்தரை அடி உயரத்திலிருந்து விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் அது. ஸ்பிரிங்கைத் தானே கழற்றப் பார்ப்பவர் கையில் அத்தனையும் ஒரு நொடிக்குள் அவிழ்ந்துவிடும். கையிலிருக்கும் கம்பியைச் சுழற்றி முகத்திலடிக்கும், விரலை நசுக்கும். எனவே முதல் விதி: மூடு பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் குழாயும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் தொழில் தெரிந்தவர் வேலை. வீடியோ பார்த்துச் செய்யும் காரியமே அல்ல.

இரும்புக்கும் அயர்ச்சி உண்டு

நேற்றுவரை தாங்கிய ஸ்பிரிங் நேற்றிரவு ஏன் உடைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் பெட்டிகளின் அச்சுகள் திடீர் திடீரென முறிந்தன. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அவற்றை ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமைகூட, திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் எஃகை முறித்துவிடும் என்று காட்டினார். இதற்கு உலோக அயர்ச்சி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. மிச்சமிருக்கும் எஃகு சுமையைத் தாங்காத நாளில் ‘டமார்’.

அமெரிக்க வீடுகளில் காரேஜ் கதவுகளுக்குப் போடும் சாதாரண ஸ்பிரிங்குகளுக்கு 10,000 சுற்று ஆயுள் சொல்வது வழக்கம். ஒரு முறை திறந்து மூடினால் ஒரு சுற்று. நாளைக்கு நான்கு தடவை என்றால் சுமார் ஏழு வருடம். நம்மூர் ஷட்டர் ஸ்பிரிங்கின் தரம் வேறாக இருக்கலாம். கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான். காலையில் திறந்து இரவில் மூடும் வீட்டு ஷட்டரைவிட, மதியச் சாப்பாட்டுக்கும் இழுத்து மூடும் கடை ஷட்டருக்கு ஆயுள் குறைவு.

ஆயுளை மேலும் குறைப்பது துரு. துரு அரித்த சிறு குழியில்தான் கீறல் எளிதாகப் பிறக்கும். உப்புக் காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் கையில் இருப்பவை

மாதம் ஒரு நாள், கால் மணி நேரம் போதும். முதலில் காதைக் கொடுங்கள். ஷட்டரை மெதுவாக ஏற்றி இறக்கும்போது வழக்கமில்லாத கிறீச்சல், ஓரிடத்தில் மட்டும் தடுக்கல், ஒரு பக்கம் முந்திப் போவது ஆகிய மூன்றும் வியாதிக்கு முன்னால் வரும் அறிகுறிகள்.

அடுத்தது சமநிலைச் சோதனை. ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கைகளை அருகிலேயே வைத்துக்கொண்டு பிடியைத் தளர்த்துங்கள். கால் அடியில் இருக்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஷட்டர் அங்கேயே நின்றாலோ மிக மெதுவாக நகர்ந்தாலோ ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. தடதடவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, விருட்டென்று மேலே ஓடினால் முறுக்கு மிகுதி. இரண்டுக்குமே ஆளைக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே கனமாகிவிட்ட ஷட்டரில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

மூன்றாவது, இரு பக்கமும் பட்டைகள் ஓடும் சேனல். மண், முடி, சருகு, குளவி கட்டிய மண்கூடு எல்லாம் அங்கேதான் சேரும். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டியெடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பலரும் இங்கே கிரீஸையோ வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயிலையோ தடவுகிறார்கள். அன்றைக்கு ஷட்டர் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு அந்தப் பிசுக்கில் தெருப் புழுதி ஒட்டி, பட்டைகளின் ஓரத்தைச் சாணை பிடிப்பதுபோல் தேய்க்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்; சுமார் 24 டிகிரியில் உறைவதால் மார்கழிக் காலையில் அதுவே தடையாகும். சேனலுக்கு உலர்ந்த வழுக்கல்தான் தேவை. கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் ஸ்பிரே நல்லது. அது இல்லையென்றால் வெள்ளை மெழுகுவத்தியைச் சேனலின் உள்விளிம்பில் தேய்த்துவிடலாம்.

நான்காவது, பட்டைகள். அவை பக்கவாட்டில் நகராமலிருக்க ஓரங்களில் சிறு கிளிப்புகள் பொருத்தியிருப்பார்கள். ஒரு கிளிப் கழன்றால் அந்தப் பட்டை மட்டும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சேனலில் பளபளவென்று புதுக் கீறல் தெரியும். அந்த நிலையிலேயே சொல்லிவிட்டால் சின்ன வேலை, விட்டுவிட்டால் பட்டையே வளையும். பெயிண்ட் உரிந்த இடங்களை, முக்கியமாகத் தூறல் தெறிக்கும் அடிப்பட்டையை, உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்ஸைடு பூசி மேலே பெயிண்ட் அடித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, நம் பழக்கம். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் ஷட்டர் சாயும். நடுவில் நின்று இரு கைகளாலும் ஏற்றுங்கள். இறக்கும்போது கடைசி ஒரு சாணைக் காலால் மிதித்து மூடாதீர்கள். அடிப்பட்டை வளைவது பெரும்பாலும் அதனால்தான்.

மோட்டார் வந்த பிறகு

பொத்தானை அழுத்தினால் ஏறும் ஷட்டர்கள் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன. மோட்டாருக்கு வலி தெரியாது. நடுவில் யார் இருந்தாலும் இறக்கிவிடும். அமெரிக்காவில் தானியங்கிக் காரேஜ் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். அதனால் 1993 ஜனவரி முதல் அங்கே தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், தடை தென்பட்டால் கதவைத் திருப்பி ஏற்றும் ஒளிக்கண் போன்ற பாதுகாப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. அந்த ஒளிக்கண்ணைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் பொருத்தச் சொல்கிறார்கள். தவழும் குழந்தைக்காகத்தான் அந்த உயரம். உங்கள் ஷட்டரில் ஒளிக்கண் இருந்தால், இறங்கும்போது அதன் குறுக்கே மாதம் ஒரு முறை துடைப்பக் கட்டையை நீட்டிப் பாருங்கள். திரும்பி ஏறாவிட்டால் சரிசெய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு பாடம் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. 2017 அக்டோபர் காட்டுத்தீயின்போது மின்சாரம் போய், காரேஜ் கதவைத் திறக்க முடியாமல் பலர் திணறினார்கள். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் விற்கும் கதவு மோட்டார்களுக்கு பேட்டரி கட்டாயமானது. கரண்ட் போனால் கையால் ஏற்றும் சங்கிலியோ நெம்புகோலோ உங்கள் ஷட்டரில் எங்கே இருக்கிறது? வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பாட்டி உட்பட, அதை ஒரு முறையாவது இயக்கிப் பழக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை, இரண்டையும் மாற்றினார். இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவை, ஒரே அளவு உழைத்தவை என்று விளக்கினார். போகும்முன் சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, மூடு பெட்டியின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினார். சாக்கு அழிந்துவிடும் என்பதால் அதன்மேல் நான் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஷட்டரை இடுப்புவரை தூக்கிப் பிடியைத் தளர்த்தும்போது கண் அந்தத் தேதிக்குப் போகிறது. எத்தனை தடவை ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஷட்டர் அசையாமல் நிற்கிறது.