கப்பல் விருந்தும் எட்டு முழ வேட்டியும்: மாலை உடை விதி பற்றி இரு கருத்துகள்

கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளி வைப்போம் என்று பயமுறுத்திய காலம் ஒன்று இருந்தது. இன்று கடல் பயணமே பொழுதுபோக்கு ஆகிவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது முதலமைச்சரே வந்து கொடியசைத்து வைத்தார். 2023 ஜூனில் அதே கம்பெனிக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய் வந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் கொச்சிக்கு வந்து போவது நமக்குப் பழகிய காட்சி. வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை ஒரு தரம் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், டிக்கெட்டோடு வரும் காகிதங்களில் ஒன்று மாலை உடையைப் பற்றிப் பேசும். மாலை ஆறு மணிக்குமேல் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் எதை உடுத்திக்கொண்டு வரலாம், எதை உடுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இந்த ஊரில் ஜவுளி விற்றே தலை நரைத்தவன் நான். ஆகையால் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இம்மலரில் எழுதிவிடுவது உத்தமம்.

முதலில், கப்பலில் இந்த விதி எப்படி வந்தது? 1860களில் இங்கிலாந்தின் இளவரசர் எட்வர்டுக்காக லண்டன் சாவில் ரோவில் இருந்த ஹென்றி பூல் என்னும் தையல் கடை, பின்பக்கம் வால் தொங்காத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. வீட்டு விருந்துக்கு என்று தைத்ததுதான், பிற்பாடு டின்னர் ஜாக்கெட் ஆயிற்று. நீராவிக் கப்பலின் முதல் வகுப்பில் போனவர்கள் மாளிகையில் எப்படி விருந்துண்டார்களோ அப்படியே கடலிலும் உண்ண நினைத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றுவது அங்கே சட்டமாயிற்று. கீழ்த்தளத்தில் அடைபட்டுப் போன ஏழை ஜனங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவர்களுக்கு அந்தக் கூடமே கிடையாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தக் கோட்டுக்கு அடியில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டைக்கு கம்மர்பண்ட் என்று பெயர். கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. பாரசீகச் சொல், இந்துஸ்தானி வழியாகப் போனது. நம் நாட்டு வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் உள்சட்டையைக் கழற்றிவிட்டு, இங்குள்ளவர்கள் கட்டிய இடுப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அதுவே அசல் சீமை உடை ஆகிவிட்டது! நம் கச்சைக்கு உள்ளே இடம் உண்டு, நம் வேட்டிக்கு மட்டும் வாசலில் கேள்வி.

கப்பலும் உடையும் என்று பேசினால் காந்தியடிகளை விட முடியாது. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் கப்பலேறும் முன் அவருக்கு மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து வைத்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. (இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை.) கடல் தாண்டியதற்காக அவருடைய சாதியார் அவரைத் தள்ளியும் வைத்தார்கள். கப்பலில் அவர் கறுப்பு சூட் போட்டுக்கொண்டிருந்தார். கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரியாமல், எதில் மாமிசம் கலந்திருக்கிறது என்று கேட்கவும் கூச்சப்பட்டு, சாப்பாட்டு மேசைக்கே போகாமல் கையில் கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் அறையிலேயே தின்று நாள் கழித்தார். இறங்கும்போது கௌரவமாக இருக்கட்டும் என்று பத்திரப்படுத்திய வெள்ளைக் கம்பளி சூட்டைப் போட்டுக்கொண்டு சௌதாம்ப்டனில் இறங்கினால், அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். கூனிக் குறுகிப்போனேன் என்கிற பொருளில் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 33 வருஷம் கழித்து, 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, நம்ம மதுரையில்தான் அவர் முழு உடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். 1931இல் ராஜபுதானா என்னும் கப்பலில் அதே உடையோடு ஏறினார். அதே உடையோடு பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னரின் தேநீர் விருந்துக்கும் போனார். விதி இருந்த இடத்தில் ஆள் மாறவில்லை, விதி வளைந்தது. ஆனால் எல்லோரும் காந்தி ஆக முடியுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அறைக்குள் உட்கார்ந்து பழம் தின்கிறவர்கள்தான்.

இனி நம்ம பக்கத்துக் கதை. 2014 ஜூலை 11ஆம் தேதி சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. முன்னாள் நீதிபதி ஒருவரின் புத்தகம். அழைப்பின் பேரில் போன சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அவரோடு மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. சட்டமன்றத்தில் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கொதித்தார்கள். ஆகஸ்ட் மாதமே சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ உடுத்தி வந்தவரைப் பொது இடத்தில், கிளப், சங்கம், அறக்கட்டளை உட்பட, தடுத்தால் உரிமம் ரத்து. ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிகிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிக் குமுளிக்கு வந்துவிட்டால் அது செல்லாது. நடுக்கடலிலும் செல்லாது, அங்கே கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். ஆகவே மலரைப் படிக்கும் அன்பர்கள், "அதான் சட்டம் வந்துடுச்சே" என்று வேட்டியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

கிளப் பக்கத்து வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பலர் கூடிச் சங்கம் வைக்கும் உரிமையை அரசியல் சாசனமே தருகிறது. உறுப்பினர்கள் பணம் போட்டு நடத்தும் இடத்தில், தங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லையா? பிடிக்காதவர் போகாமல் இருக்கலாமே? இது அற்பமான வாதம் அல்ல. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் பேண்ட் போட்டவருக்கு வாசலோடு தடை, மேலே முண்டு சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதை நாம் முணுமுணுக்காமல் ஏற்கிறோம் அல்லவா? 2016 நவம்பரில் அங்கே பெண்கள் சுரிதாரோடு வரலாம் என்று நிர்வாக அதிகாரி உத்தரவு போட, டிசம்பரிலேயே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. 2024 டிசம்பர் 31ஆம் தேதி சிவகிரி மடத்துச் சுவாமி சச்சிதானந்தா, கோயிலுக்குள் ஆண்கள் சட்டை கழற்றும் வழக்கத்தை விட வேண்டும் என்று பேச, முதலமைச்சர் பினராயி விஜயன் ஆதரிக்க, நாயர் சங்கத் தலைவர் எதிர்க்க, வாரக்கணக்கில் விவாதம். கிளப்பில் வேட்டி ஆகாது, கோயிலில் பேண்ட் ஆகாது. இரண்டு இடத்திலும் உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் நிற்கிறவன் கையில்.

ஆனாலும் இரண்டும் ஒன்றா என்றால், இல்லை என்பேன். கிளப் விதியின் வேர் வேறு. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் இந்தியருக்கு உறுப்பினராக இடமே கிடையாது. சுதந்திரம் வந்து பல வருஷம் கழித்துத்தான் கதவு திறந்தது. அதனால்தான் நம்மவர்கள் 1873இல் காஸ்மோபாலிடன் கிளப் என்று தனியாகத் தொடங்கினார்கள். முதலில் ஆளைத் தடுத்தார்கள். ஆளைத் தடுக்க முடியாத காலம் வந்தபின் அவன் துணியைத் தடுக்கும் விதி மட்டும் மிச்சமாக நின்றது. 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில், உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாக வந்த மேகாலயாப் பெண்மணி தம் காசி இன மரபு உடையான ஜைன்செம் உடுத்தியிருந்ததற்காக வெளியே போகச் சொல்லப்பட்டார். அவர் உடை அழுக்கா, கிழிசலா? ஒன்றுமில்லை.

நாம் வாழும் இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. பீர்மேடு வட்டாரம் பழைய திருவிதாங்கூர் சீமை. அந்தச் சீமையில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியப் பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலை 26ஆம் தேதி அரசாணை பெற்றார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது. பிறகு தேயிலை வந்தது, துரைமார் வந்தார்கள், துரைமாருக்குக் கிளப் வந்தது. மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடச் சுவரில், முப்பது வருஷம் மலையில் சேவை செய்த துரைமாரின் தொப்பிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அழகான வழக்கம்தான். ஆனால் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவளின் கம்பளி எந்தச் சுவரில் தொங்குகிறது?

லயத்து ஜனங்களுக்கு எழுதாத உடை விதி ஒன்று இருந்தது. வயசாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரை எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போக வேண்டும். கங்காணிக்கு மட்டும் வேட்டிமேல் கோட்டும் தலைப்பாகையும் அனுமதி. அந்தக் கோட்டுதான் அவர் அதிகாரம். கிளப்புக்குள் போன தமிழன் யார் என்றால் பட்டைத் தலைப்பாகை வைத்துத் தட்டு ஏந்தியவன். கிளப் வாசலில் நிறுத்தப்பட்டவர் நீதிபதி ஆனபடியால் 2014இல் சட்டம் வந்தது. தோட்டத்துத் தொழிலாளியை நிறுத்தியபோது செய்திகூட வரவில்லை. இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

வேட்டியின் பழமை பற்றி இரண்டு வரி. நெசவு முடிந்து வெட்டப்படுவதால் வேட்டி, துண்டிக்கப்படுவதால் துண்டு, துணிக்கப்படுவதால் துணி, அறுக்கப்படுவதால் அறுவை என்பது தமிழ்ப் புலவர் பொருள் சொல்லும் முறை. சுற்றுதல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எதுவானாலும் சங்க காலத்தில் மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி வியாபாரி ஒருவரே புலவராக இருந்தார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். நக்கீரர் பாடிய புறநானூறு 189ஆம் பாட்டு, உலகாளும் மன்னனானாலும் வேட்டை தேடி அலைகிறவனானாலும் உடுப்பது இரண்டு துணிதான் என்று கணக்குச் சொல்கிறது.

இப்போது கப்பல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. குனார்ட் கம்பெனியின் குவீன் மேரி 2 போன்ற கப்பல்களில் சில இரவுகளை விசேஷ இரவு என்று ஒதுக்கி, ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கறுப்பு சூட், டை என்கிறார்கள். அன்று அலங்காரம் வேண்டாம் என்பவர் பஃபே கூடம் முதலிய சில இடங்களில் மட்டும் இருந்துகொள்ளலாம். ஆனால் அதே விதியில், அவரவர் நாட்டு மரபு உடையும் ஏற்கப்படும் என்று இருக்கிறது. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டிலேயே இந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. வைக்கிங் கப்பல்களில் விசேஷ இரவே கிடையாது.

விதி வேண்டும் என்கிற பயணிகள், எல்லோரும் நன்றாக உடுத்தினால்தான் விருந்து விருந்தாக இருக்கும், அதற்காகத்தானே காசு கொடுத்தோம் என்கிறார்கள். இன்னொரு நயமான வாதமும் உண்டு: எல்லோரும் ஒரே கறுப்புக் கோட்டில் வந்தால், யார் சன்னல் இல்லாத மலிவு அறையில் இருக்கிறார், யார் பால்கனி அறையில் இருக்கிறார் என்று தெரியாதாம். வேண்டாம் என்கிறவர்கள் விமானத்தில் பெட்டி எடை, வருஷத்துக்கு ஒரு நாள் போடும் கோட்டுக்கு ஆகும் செலவு, ஓய்வுக்கு வந்த இடத்தில் ஏன் கழுத்தில் சுருக்கு என்று கேட்கிறார்கள். கோட்டுத் துணி விற்பவன் என்ற முறையில் விதி இருந்தால் எனக்கு லாபம். இருந்தும் சொல்கிறேன், சுத்தமாக, ஒழுங்காக வா என்று கேட்பது விருந்து கொடுப்பவன் உரிமை. ஒரு நாட்டின் உடை மட்டுமே ஒழுங்கு என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. பெண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை பாருங்கள். பட்டுப் புடவையை எந்தக் கப்பலும் நிறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை. ஆம்பிளைக்குத்தான் சங்கடம்.

ஆகவே போகிறவர்கள் செய்ய வேண்டியது இது. டிக்கெட் எடுக்கும்போதே ஏஜெண்டிடம், "எங்கப்பா வேட்டி சட்டையில் விசேஷ இரவுக்கு வரலாமா?" என்று கேட்டு, பதிலைக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை கப்பல் வாசலில் உதவாது. நாலு முழம் வேண்டாம். சுமார் நாலு மீட்டர் வரும் எட்டு முழம், சரிகைக் கரை, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம். கப்பல் ஆடும், படிக்கட்டு செங்குத்தாக இருக்கும்; ஆகையால் இடுப்பில் பெல்ட் அவசியம், அல்லது இப்போது வருகிற ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி நல்லது. மேல்தளத்துக் காற்றில் பருத்தியைவிடக் கனமான பட்டு வேட்டி அடங்கி நிற்கும். ரப்பர் செருப்பு ஆகாது, தோல் செருப்பு போடுங்கள். லுங்கி அறைக்குள் மட்டும்.

சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்ற விரதம் உள்ள எங்களைப் போன்ற சமணக் குடும்பத்தார் அதையும் சேர்த்தே முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும். ராத்திரி விருந்து எங்களுக்கு இல்லை என்றாலும், ஐந்தரை மணிக்கே பஃபே கூடத்தில் சாப்பாடு கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.