வடியாத சிவப்பு

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தோல் தொல்லைகளுக்குப் பஞ்சமில்லை. சேற்றுப்புண், படர்தாமரை, ஈரத்துணி உரசிய தடிப்பு. மார்பு ஒரு பக்கம் சிவந்து சூடாக வீங்கினாலும் மஞ்சளை அரைத்துப் பூசிவிடுகிறார்கள். கைக்குழந்தைக்காரி என்றால் பால்கட்டு. இல்லையென்றால் அக்கி என்று காவி எழுதப் போகிறார்கள். பெரும்பாலும் அது வெறும் தொற்றுதான், மாத்திரையில் வடிந்துவிடும். வடியாத சிவப்புதான் பயப்பட வேண்டியது.

அது அழற்சி மார்பகப் புற்றுநோயாக இருக்கலாம். இந்நோய் அரிது. மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 சதவீதம். ஆனால் வாரக்கணக்கில் முற்றிவிடும். கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லியே பெண்களைப் பழக்கியிருக்கிறோம். இதில் பலருக்குக் கட்டியே தட்டுப்படாது. புற்றணுக்கள் தோலுக்குள் ஓடும் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிட, நீர் தேங்கி மார்பு கனக்கிறது. தோல் தடித்து, புளியங்குடி எலுமிச்சையின் தோல்போலப் புள்ளிக் குழிகள் தெரியும். காம்பு உள்வாங்கலாம், அக்குளில் நெறி கட்டலாம். காய்ச்சலோ சீழோ பொதுவாக இருக்காது. நம் கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகவும் தெரியாது; கன்றிப்போன கருமையாகத் தெரியும்.

மடியில் தட்டோடு பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்குவதை எப்படிக் குறை சொல்வது? ஆனால் 7 முதல் 10 நாள் மருந்து சாப்பிட்டும் முழுதாகக் குறையவில்லையென்றால், மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. 'பயாப்ஸி எடுக்கணுமா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். மேமோகிராம் சில நேரம் இதைத் தவறவிடும். ஸ்கேன் பார்த்து, மார்பகத் திசுவையும் கொஞ்சம் தோலையும் எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

1924-ல் நியூயார்க் மருத்துவர்கள் லீயும் டானன்பாமும் இந்நோயை விரிவாக எழுதிய காலத்தில் பிழைத்தவர்கள் அபூர்வம். இன்று அமெரிக்கக் கணக்குப்படி சுமார் 40 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள். சிகிச்சையின் வரிசை முக்கியம்: முதலில் கீமோ, வீக்கம் வடிந்தபின் மார்பக அகற்றம், அதன்பின் கதிர்வீச்சு. எடுத்த எடுப்பில் கத்தி வைப்பதில்லை. இதற்கெல்லாம் சென்னை வரை ஓட வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.