ஈரம் பிடிக்கும் வெள்ளை மணிகள்

செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் மருந்துக் குப்பியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறிய மனம் வராமல் பீரோவிலும் மேசை டிராயரிலும் போட்டு வைக்கிறோம். பட்டுப்புடவைக்கு நடுவே ஒன்று, பத்திரங்கள் இருக்கும் கோப்பில் ஒன்று. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அப்படிப் போட்ட பொட்டலம் அங்கே எந்த வேலையும் செய்வதில்லை. பெரும்பாலும் அது பீரோவுக்குள் போவதற்கு முன்பே தன்னால் முடிந்த அளவு ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

உள்ளே இருப்பது சிலிக்கன் டை ஆக்சைடு. ஆற்று மணலின் முக்கியச் சேர்மமும் அதுதான். மணலில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஜெல்லில் அந்த ஒழுங்கு கிடையாது. மணி முழுக்க இரண்டு, மூன்று நானோமீட்டர் அகலமே உள்ள நுண்துளைகள். சோடியம் சிலிகேட் கரைசலில் கந்தக அமிலம் சேர்த்தால் அது கூழாக உறையும். அந்தக் கூழைக் கழுவி உலர்த்தினால், தண்ணீர் இருந்த இடமெல்லாம் துளைகளாகி இந்த மணிகள் கிடைக்கின்றன. துளைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் பார்க்க முடிந்தால் ஒரே ஒரு கிராம் மணிக்குள் சுமார் 700 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டு மனை. அந்தச் சுவர்களில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றிலுள்ள நீராவி மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. ஈரம் கூடக்கூடத் துளைகளுக்குள்ளேயே நீராவி நீராக மாறித் தேங்குகிறது. இதில் வேதிவினை எதுவும் நடப்பதில்லை. அதனால்தான் சூடாக்கினால் பிடித்த நீரை விட்டுவிட்டு மணி பழைய நிலைக்குத் திரும்புகிறது. மறுபடி மறுபடி பயன்படுத்த முடிவதற்குக் காரணம் இதுவே.

இதைப் பெருமளவில் தயாரிக்கும் முறைக்கு 1919இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் வால்ட்டர் பேட்ரிக். முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளில் நச்சாவியைப் பிடிக்க சிலிக்கா ஜெல் உதவியது. இரண்டாம் உலகப்போரில் பெனிசிலினை ஈரம் படாமல் காத்தது. அதே பொருள்தான் இன்று செருப்புக்கு இலவச இணைப்பாக நம் கைக்கு வருகிறது.

இனி அந்த பீரோவுக்கு வருவோம். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கிறது. ஒரு சாதாரண இரும்பு பீரோவின் உள்ளளவு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காற்றை மட்டும் 50 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏழெட்டு கிராம் நீரை எடுத்தால் போதும். சிக்கல் காற்றில் இல்லை, துணியில் இருக்கிறது. 80 சதவீத ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 10 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். 50 சதவீதத்தில் அது 6 சதவீதம் அளவுக்குக் குறையும். 20 கிலோ துணி இருந்தால் எடுக்க வேண்டிய நீர் 800 கிராம். 50 சதவீத ஈரப்பதத்தில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு நீரைத்தான் வைத்துக்கொள்ளும். ஆக, மூன்று கிலோவுக்கு மேல் ஜெல் தேவை. செருப்புப் பெட்டியில் வருவதோ சில கிராம். அதுவும், பீரோ கதவின் இடுக்கு வழியே வெளிக்காற்று எந்நேரமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்தப் பொட்டலத்தை நம்பிப் பட்டுப்புடவையை மழைக்காலம் முழுதும் வெளியே எடுக்காமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெயில் அடிக்கும் நாளில் பீரோவைத் திறந்து, புடவையை நிழலில் உலர்த்தி எடுத்து வைப்பதே அதற்குச் சரியான காவல்.

இதே கணக்கை ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத ஐந்து லிட்டர் டப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றில் மொத்தமே 0.12 கிராம் நீர்தான். நன்கு உலர்ந்த 50 கிராம் ஜெல் பத்து கிராம் வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். டப்பாவைப் பலமுறை திறந்து மூடினாலும் அது தாங்கும். மூடி இறுகியிருந்தால்தான் சிலிக்கா ஜெல்லுக்கு மதிப்பு. கேமரா லென்ஸ், வெள்ளிப் பாத்திரம், பழைய புகைப்படங்கள், நெகட்டிவ் சுருள்கள் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு டப்பா கட்டாயம் வேண்டும் என்பேன். லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் அது அரித்த தடம் போகாமல் நிற்கலாம். டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் பூஞ்சை வளராது. சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டுவைத்தால் நிலவரம் தெரிந்துவிடும். வீணை போன்ற மரக் கருவிகளை மட்டும் இந்த வழிக்குக் கொண்டுவராதீர்கள். மரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெடிக்கும்.

காது கேட்கும் கருவி அணியும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த மணிகளுக்கு இன்னும் நல்ல வேலை உண்டு. நம் ஊர் வியர்வை அந்தக் கருவிக்குப் பெரிய எதிரி. இரவில் கழற்றியதும் துணியால் துடைத்து, இறுக மூடும் சிறு டப்பாவில் ஜெல்லோடு வைத்தால் காலைக்குள் ஈரம் நீங்கிவிடும். பேட்டரியை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். துத்தநாக-காற்று வகை பேட்டரி உலர்ந்துபோனால் அதன் ஆயுள் குறையும்.

நான் மிகவும் பரிந்துரைப்பது விதைகளுக்கு. கத்தரி, மிளகாய் விதைகளைச் சாம்பலில் புரட்டி வைப்பதும், சுரைக்குடுக்கையில் சேமிப்பதும் நம் வீடுகளில் இருந்த பழக்கம். ஈரம் விதையைத் தின்றுவிடும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. விதையிலுள்ள ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் சேமிப்பு ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஒரு பொது விதியே சொன்னார் விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன். ஏறத்தாழ 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரைக்கும் இது பொருந்தும். மாடித்தோட்டத்தில் எடுத்த நாட்டு விதையை முதலில் நிழலில் காயவையுங்கள். பிறகு விதையின் எடைக்குச் சம எடை உலர்ந்த ஜெல்லைத் துணியில் முடிந்து, இரண்டையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி ஒரு வாரம் விடுங்கள். அதன்பின் ஜெல்லை எடுத்துவிட்டு, விதையை வேறொரு உலர்ந்த குப்பியில் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி ஃபிரிட்ஜில் வைக்கலாம். விதைக்க எடுக்கும் நாளில், குப்பியின் குளிர்ச்சி அடங்கிய பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் விதைமேல் படிந்து முன்பு செய்த வேலையெல்லாம் வீணாகும். மா, பலா விதைகளுக்கு இதைச் செய்யக் கூடாது. அவை உலர்ந்தால் செத்துவிடும் வகை.

தாவரவியலாளர்களும் இந்த மணிகளை நம்பியே காட்டுக்குள் போகிறார்கள். பறித்த இலையைச் சிலிக்கா ஜெல்லில் புதைத்து விரைவாக உலர்த்தினால் அதன் டி.என்.ஏ. சிதையாமல் இருக்கும் என்று 1991இல் மார்க் சேஸும் அவருடைய சகாவும் எழுதிய குறுங்கட்டுரைக்குப் பிறகு, களப்பணியில் அது வழக்கமாகிவிட்டது.

தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசியில் புதைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டாம். அரிசித் துகள் கருவியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லிவிட்டது. ஈரத்தை இழுப்பதில் அரிசியைவிட ஜெல் மேல். ஆனாலும் உள்ளே புகுந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு செய்யும் அரிப்பை எந்த மணியாலும் தடுக்க முடியாது. உடனே அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே வழி.

சரி, ஈரம் குடித்த மணிகளை எப்படி உலர்த்துவது? வெயிலில் காயவைத்தால் ஓரளவு ஈரம் போகும். நம் கோடை வெயிலில் சூடேறிய எவர்சில்வர் தட்டில் பரப்பினால் பாதிக்கு மேல்கூட நீங்கலாம், முழுதாக நீங்காது. அதற்கு 110 முதல் 120 டிகிரி வேண்டும். வீட்டில் ஓவன் இருந்தால் பொட்டலத்தைப் பிரித்து மணிகளைத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, இரண்டு மணிநேரம் அந்தச் சூட்டில் வையுங்கள். பொட்டலத்தோடு வைக்காதீர்கள், பார்வைக்குக் காகிதம்போல் இருக்கும் பல உறைகள் பிளாஸ்டிக் இழையால் ஆனவை, இளகிவிடும். ஓவன் இல்லையென்றால், சமையலுக்கு எடுக்காத அடிகனமான வாணலியில் மிகச் சிறு தீயில், கிளறிக்கொண்டே சூடாக்கலாம். தீ கூடினால் துளைச்சுவர்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் உதிர்ந்து, மணி ஈரம் பிடிக்கும் திறனை இழக்கும். இளஞ்சூடு இருக்கும்போதே கண்ணாடிக் குப்பியில் கொட்டி மூடிவிட வேண்டும். திறந்து வைத்தால் மழைநாளில் ஒரே இரவில் பெரும்பகுதி ஈரம் திரும்ப ஏறிவிடும். எப்போது மறுபடி உலர்த்துவது என்பதற்குச் சமையலறைத் தராசு போதும். 100 கிராமாக வைத்தது 120ஐ எட்டினால் மறுபடி சூடாக்குங்கள்.

எல்லாப் பொட்டலமும் சிலிக்கா ஜெல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் களிமண் குருணை இருக்கும். உணவுப் பொருளோடு வரும் சில பொட்டலங்களில் ஆக்சிஜனை உறிஞ்சும் இரும்புத் தூள் இருக்கும். அது ஒருமுறைக்குத்தான் உதவும். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு அடைத்த பொட்டலமும் உண்டு. நீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. அதைப் பிரிக்கவே கூடாது. பெயர் தெளிவாக அச்சிடப்படாத எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். செருப்போடு வந்ததைச் சாம்பார்ப்பொடி டப்பாவில் போடவே வேண்டாம்.

வெள்ளை மணி நஞ்சு இல்லை. ஆனால் குழந்தை விழுங்கினால் தொண்டையில் அடைக்கலாம், ஆகவே எட்டாத இடத்தில் வையுங்கள். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும் நீல மணியின் கதை வேறு. அதன் நிறம் கோபால்ட் குளோரைடால் வருவது; மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திய சேர்மம் அது. புதிதாக வாங்குபவர்கள் ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் நீல மணி இருந்தால் அதை அடுப்பில் ஏற்றாதீர்கள், தோட்டத்து மண்ணிலும் கொட்டாதீர்கள்.