விடுதிக் கட்டணமும் கடனட்டைக் கழிவும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போதும் மார்கழி விடுமுறை அண்மிக்கும்போதும் இலங்கையின் வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலே ஒரு செய்தி தவறாது இடம்பெறும். இன்ன விடுதியில் இன்ன கடனட்டையைக் கொண்டு கட்டணம் செலுத்துவோருக்கு 25 வீதம், 30 வீதம், சில வேளைகளில் 50 வீதம்கூடக் கழிவு உண்டு என்பதே அது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்று, ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளுக்கு நுவரெலியாவின் குளிரையோ பாசிக்குடாவின் கடலையோ காட்ட விரும்பினால், இக்கழிவை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் அது எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகின்றது, அதைப் பெறுவதற்காகப் பின்னர் என்ன கொடுக்க நேரிடும் என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே பெட்டியைக் கட்டத் தொடங்க வேண்டும்.

வங்கி தன் பணத்தை அள்ளிக் கொடுக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பல ஒப்பந்தங்களிலே கழிவின் சுமையை விடுதியே ஏற்கின்றது. வங்கி விளம்பரம் செய்து ஆட்களை அனுப்பி வைக்கின்றது. விடுதிக்காரர் இதற்கு இசைவதற்குத் தக்க காரணம் உண்டு. புடைவைக் கடையிலே இன்று விலைபோகாத சேலையை நாளை விற்கலாம். விடுதியிலே இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையின் இரவை நாளை விற்க முடியுமா? அறை வெறுமையாய் இருந்தாலும் சமையற்காரருக்கும் காவலாளிக்கும் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே முழு விலைக்கு ஆள் வராத நாளிலே, குறைந்த விலைக்கேனும் ஒரு குடும்பம் வருவது அவருக்கு இலாபமே.

வங்கியின் இலாபம் வேறு வழியில் வருகின்றது. 1950ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டை, உணவுச்சாலைக்காரருக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொண்டது. அட்டைக்காரரோ மாதக் கணக்கை முழுமையாகத் தீர்க்க வேண்டியிருந்தது. 1958இல் கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ நகரிலே பாங்க் ஒவ் அமெரிக்கா வெளியிட்ட அட்டை, மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வழியைத் திறந்துவிட்டது. இன்றைய கடனட்டை இவ்விரு வருவாய்களையும் உடையது. விடுதிக் கழிவு, அவ்வருவாயை நோக்கி வாடிக்கையாளரை அழைக்கும் வாசற்றோரணம்.

இனி, எந்த விலையிலிருந்து கழிவு என்னும் கேள்விக்கு வருவோம். ஒரு விடுதி, இருவர் தங்கும் அறைக்குக் காலையுணவும் இராவுணவும் சேர்த்து இரவொன்றுக்கு 40,000 ரூபா என்று விலை குறித்திருப்பதாகக் கொள்வோம். 30 வீதக் கழிவு போக 28,000 ரூபா ஆகின்றது. அதன்மேல் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்தால் 30,800 ரூபா. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியையும் கூட்டினால் 36,344 ரூபா. விளம்பரத்திலே பெரிய எழுத்தில் நின்ற கழிவுக்கும் கடைசியில் கையை விட்டுப்போகும் தொகைக்கும் இடையே இவ்வளவு தூரம்! அதே அறையை எல்லா வரிகளும் உட்பட 35,000 ரூபாவுக்கு, எந்த அட்டையும் கேளாமல், அவ்விடுதியே தன் இணையத்தளத்தில் தரக்கூடும். தொலைபேசியில் நேரே கேட்பவருக்கும் தரக்கூடும். அப்போது 30 வீதக் கழிவு பெற்றவர், கழிவே பெறாதவரிலும் 1,344 ரூபா கூடுதலாகக் கொடுத்தவராவார். எனவே கழிவு எத்தனை வீதம் என்று கேட்பதிலும், வரிகளும் சேவைக் கட்டணமும் உட்பட, உணவும் பிள்ளைகளும் உட்பட, முடிவாக எத்தனை ரூபா என்று கேட்பதே முறை. பிள்ளைகளைக் கேளாமல் விடுவது பெரும் பிழை. எந்த வயது வரை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பது விடுதிக்கு விடுதி வேறுபடும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திருக்கும் வீடுகளுக்கு இன்னுமொன்று சொல்ல வேண்டும். உள்நாட்டு வங்கிகளின் கழிவு பெரும்பாலும் இலங்கையில் வதிவோருக்குரிய ரூபாக் கட்டணத்துக்கே உரியது. கனடாவிலிருந்து வந்த மைத்துனரின் பெயரில் அறையைப் பதிந்துவிட்டு, யாழ்ப்பாணத்து அத்தானின் அட்டையை நீட்டினால், வரவேற்பு மேசையிலே விலை மாறிவிட இடமுண்டு. அறை யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரிலேயே அட்டையும் இருத்தல் நன்று.

காலமறிந்து போவோருக்கே பெரிய கழிவு கிட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் பெந்தோட்டைக் கடலும் ஹிக்கடுவைக் கடலும் கொந்தளிக்கும். அக்காலத்தில் பாசிக்குடாவும் நிலாவெளியும் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது நிலைமை மாறும். கடல் கொந்தளிக்கும் கரையிலேதான் விடுதிகள் கழிவை வாரி வழங்குகின்றன. நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்த காலம். கண்டிக்குப் பெரஹரா நாட்கள். யாழ்ப்பாணத்துக்கு நல்லூர்த் திருவிழா. இத்தகைய நாட்களையும், போயா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதிகளையும் சலுகையிலிருந்து நீக்கி, விளம்பரத்தின் அடியிலே சிறிய எழுத்தில் அச்சிடுவது வழக்கம். பாடசாலை விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது வருத்தந்தரும் செய்திதான். ஆயினும் விடுமுறைக்குள்ளேயே ஞாயிறு முதல் வியாழன் வரையுள்ள இரவுகளைத் தெரிந்தெடுத்தால் இழப்புப் பெரிதும் குறையும்.

யாவற்றிலும் கவனிக்க வேண்டியது வட்டி. கடனட்டை வட்டிக்கு இலங்கை மத்திய வங்கி 2020இல் 18 வீத உச்ச வரம்பு விதித்தது. நெருக்கடி ஆண்டான 2022இல் வட்டி வெகுவாக ஏறியது. 2023 ஓகஸ்டில் 28 வீதம் என்று வரம்பு மீண்டும் விதிக்கப்பட்டது. அந்த 28 வீதத்தையே அளவாகக் கொண்டால், இரண்டு இரவுக்கான 75,000 ரூபாவைத் தீர்க்காமல் வைத்திருப்பவருக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபா. ஓராண்டுக்கு 21,000 ரூபா. கணக்குக்கூற்றிலே ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்றொரு சிறு தொகை இருக்கும். அது 5 வீதம் எனக் கொண்டால், கட்டும் 3,750 ரூபாவில் ஏறக்குறையப் பாதி வட்டிக்கே போய்விடும். அதுமட்டுமன்று, கூற்றை முழுமையாகத் தீர்க்காதவர் வட்டியில்லாத் தவணையையும் இழப்பதால், அடுத்த மாதம் வாங்கும் அரிசிக்கும் பால்மாவுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறக்கூடும். முழுத் தொகையும் கையில் உள்ளவருக்கே இக்கழிவு கழிவாகும். இல்லாதவருக்கு அது கடனுக்கு இட்ட வேறு பெயர். வட்டியில்லாத் தவணைத் திட்டம் இருப்பின், அதற்கென அறவிடும் நடைமுறைக் கட்டணத்தையும் கேட்டறிய வேண்டும்.

சென்னைக்கோ திருவண்ணாமலைக்கோ செல்லும் யாத்திரிகர், அங்குள்ள விடுதியின் அட்டை இயந்திரம் இலங்கை ரூபாவிலா இந்திய ரூபாவிலா என்று வினவினால், இந்திய ரூபாவையே தெரிவு செய்தல் பெரும்பாலும் இலாபம். இலங்கை ரூபாவைத் தெரிவு செய்தால், நாணயமாற்று வீதத்தை வேறொருவர் தமக்கேற்றவாறு கூட்டி நிர்ணயித்துவிடுவார். மேலும், விடுதிக்குள் நுழையும்போதே முன்காப்பாக ஒரு தொகையை அட்டையிலே தடுத்து வைப்பது பல விடுதிகளின் வழக்கம். கடனட்டையானால் கடன் எல்லை மட்டுமே அந்த அளவுக்குச் சுருங்கும். பற்று அட்டையானால் கணக்கிலுள்ள சொந்தப் பணமே முடங்கிவிடும். அறையை விட்டு வெளியேறிய பின்னரும் அது விடுபடச் சில நாட்கள் செல்லலாம். திரும்பும் வழிச்செலவுக்கு வைத்திருந்த பணமும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளாதபடி, கையிலே கொஞ்சம் காசு வேறாக வைத்திருக்க வேண்டும்.